அணில் வரைந்த அட்டை

அந்த வியாழக்கிழமை மருந்து மேசையில் நான் இருந்தேன். உள்ளறையில் டாக்டர் ஐயா நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் மலையிலிருந்து இறங்கிவந்த ஏழெட்டுப் பேர். அவர்களில், மாதாமாதம் மாத்திரை வாங்க மட்டும் வரும் ஒரு அக்காவும் இருந்தார். டாக்டரம்மா இல்லை. பல்வலி என்று திண்டுக்கல்லுக்குப் போயிருந்தார். அக்காவின் வீட்டுக்காரரும் இல்லை. எலுமிச்சை மூட்டையோடு சந்தைக்குப் போயிருந்தார். இந்த இருவரில் ஒருவர் இருந்திருந்தால் போதுமே என்று பலமுறை நினைத்திருக்கிறேன். நான் இருந்தேனே, அது ஏன் போதவில்லை என்பதுதான் அடுத்து வரும் நினைப்பு.

நத்தம் ரோட்டில், சிறுமலை அடிவாரத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வாடகைக் கட்டடம் அது. டாக்டர் ஐயா ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், டாக்டரம்மா திண்டுக்கல்காரர். மலையில் வாழும் பளியர் குடும்பங்களுக்கு வைத்தியம் பார்க்கவே இங்கு வந்து தங்கிவிட்ட தம்பதி. நான் அங்கே மருந்தாளுநர். திண்டுக்கல் நாகல் நகரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

நான் சேர்ந்தபோது ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை இருந்தது. மேல் மூலையில் அவரவர் கையால் வரைந்த படம். ஒருவருக்குத் தேனடை, ஒருவருக்குப் பலாப்பழம், இன்னொருவருக்குச் சேவல். வந்ததும் அட்டைக் கட்டைப் புரட்டித் தங்கள் படத்தைத் தாங்களே எடுத்து நீட்டுவார்கள். எனக்கு அது பாலர் பள்ளி மாதிரி பட்டது. எல்லாவற்றையும் கணினியில் பெயர் வரிசையில் ஏற்றிவிடலாம் என்றேன்.

“ஏலே, அணிலை எப்படிடா டைப் அடிப்ப?” என்று டாக்டரம்மா சிரித்தார்.

“தம்பி ஆசைப்படறாப்ல, உடு” என்றார் ஐயா.

ஒரு மாதம் உட்கார்ந்து ஏற்றினேன். அட்டைகளை மூட்டை கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். அதை யாரிடமும் கேட்டுச் செய்யவில்லை.

என் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. டவுன் பஸ்ஸை நிறம் பார்த்து ஏறுகிறவர். அந்த ஒரு மாதத்தில் ஒருநாள்கூட அம்மாவின் நினைப்பு எனக்கு வரவில்லை.

அணில் அந்த அக்காவுடையது. வலிப்புக்குப் பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவர். அந்த வியாழக்கிழமை பெயர் கேட்டேன், சொன்னார். அந்தப் பெயரில் திரையில் இரண்டு பேர் இருந்தார்கள். முதல் வரியைப் பார்த்து மாத்திரையை எண்ணிப் பொட்டலம் கட்டினேன். அது ரத்தசோகைக்கான மாத்திரை.

அக்கா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். “தம்பி, இது செவப்பா இருக்கே. எனக்கு வெள்ளையில்ல குடுப்பாக?”

“கம்பெனி மாத்தியிருப்பாங்கக்கா.”

“அம்மா வரட்டும், கேட்டுக்கிருவோமா?”

“கம்ப்யூட்டர்ல பாத்துத்தானே தாரேன். படிச்சவன் சொல்றேன்ல, வாங்கிட்டுப் போங்க.”

வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் அக்காவை அவர் வீட்டுக்காரர் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவந்தார். சோறு வடிக்கும்போது வலிப்பு வந்து அடுப்பில் விழுந்திருக்கிறார். வலதுகை முழங்கைவரை வெந்திருந்தது. டாக்டரம்மா அக்காவின் இடுப்பிலிருந்த பொட்டலத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“கண்ணு, நீயாவது கேக்கக் கூடாதா?” என்றார் அக்காவிடம்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கேட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. “ரெண்டு பேருக்கும் ஒரே பேரும்மா” என்று மட்டும் சொன்னேன்.

விரல்கள் ஒட்டிப் போகாமல் இருக்க வேண்டுமானால் உடனே தோல் வைத்துத் தைக்க வேண்டும் என்று மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மலைமேல் ஒரு பிரசவ அறை கட்ட ஐயாவும் டாக்டரம்மாவும் சேர்த்துவைத்திருந்த பணத்தை எடுத்தார்கள். ஒரு வார்த்தை திட்டவில்லை. ஐயா வழக்கம்போல “சாப்டீங்களா தம்பி?” என்று கேட்டார்.

அக்கா வீடு திரும்பிய பிறகு ஒருநாள், மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் எண்ணுவதை நிறுத்தினார்.

“அவ கேட்டாளா?”

“கேட்டாங்கம்மா. நாந்தான் அதட்டி அனுப்பிட்டேன்.”

மாத்திரை டப்பாவை மூடினார். “இதை எங்கிட்ட ஏன்டா சொல்ற? அவகிட்டப் போய்ச் சொல்லு.”

“அவங்களுக்குத்தான் தெரியுமேம்மா.”

“தெரிஞ்சா என்ன? போ.”

ஏறிப் போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு விரல்கள் மடங்கவில்லை. தப்பு என்னுடையது என்றேன். அவர் கையைப் பார்த்தபடி, “கேட்டேன்ல தம்பி” என்றார். அவ்வளவுதான். பரவாயில்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் அவ்வளவு தூரம் ஏறியிருக்கிறேன் என்பது இறங்கும்போது புரிந்தது.

டாக்டரம்மா புது அட்டைகள் வாங்கிவரச் சொன்னார். எல்லோரும் மறுபடி வரைந்தார்கள். அக்கா இடதுகையால் வரைந்தார். அட்டை நகராமல் நான் பிடித்துக்கொண்டேன். “ஆட்டாமப் பிடி” என்றார். வால் சரியாக வரவில்லை.

மாதக் கடைசியில் மருத்துவமனை பில் என் மேசைக்கு வந்தது. கணக்கு ஏற்றுவதும் என் வேலைதான்.

“எந்தத் தலைப்புல போடட்டும் ஐயா?”

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மருந்துச் செலவுன்னே போடுங்க தம்பி.”

போட்டேன். ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரத்து முந்நூறு ரூபாய்.