நாங்கள் போகாத சடங்கு

எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருந்தவர் விடியற்காலையில் சரக்கு விற்றுக்கொண்டிருந்தார். அரசு மதுக்கடை திறக்க மதியம் ஆகிவிடும். அதுவரை பொறுக்க முடியாத ஆண்களுக்கு அவர் வீட்டுப் பின்கதவுதான் கடை. என் வீட்டுக்காரரும் அந்தக் கதவைத் தட்டுகிறவர். போய்வந்து தறியில் உட்காருவார். இழை அறுந்தால் முதலில் இழையைத் திட்டுவார், பிறகு என்னை. நான் முன்னறையில் பட்டு ரவிக்கைகள் தைத்துக்கொண்டு, காதில் விழாததுபோல் மிஷினை மிதிப்பேன்.

போலீசில் சொல்லிப் பார்த்தோம். ஜீப் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. ஓரிரு நாளில் அவரும் வந்தார், சரக்கும் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவர் மகள் வயதுக்கு வந்தாள். தாயார் குங்குமச் சிமிழோடு வீடு வீடாக வந்து அழைத்தாள். "எல்லாரும் வந்து நலங்கு வெக்கணும்க்கா. நீங்க இல்லாம எனக்கு யாரு இருக்கறாங்க?" என் மகளின் சடங்கின்போது காலையிலிருந்து இரவு வரை என்கூடவே நின்று எல்லா வேலையும் செய்தவள் அவள்.

அவள் அழைத்துவிட்டுப் போன அன்று காலைதான் என் வீட்டுக்காரர் குடித்துவிட்டு, பாதி நெய்த புடவையின்மேல் வாந்தி எடுத்திருந்தார். குழாயடியில் பெண்கள் கூடியபோது அந்த நாற்றம் இன்னும் என் கையில் இருந்தது. நான்தான் சொன்னேன்.

"யாரும் போவாதீங்க. ஒருத்திகூட போவக் கூடாது. போலீசுக்கு பயப்படாத ஆளு, இதுக்கு பயப்படுவாரு."

தெருக்கோடி வீட்டுக்கார அம்மா மட்டும் தயங்கினாள். "அந்தப் பொண்ணு இன்னாடி பண்ணும், பாவம்?"

"நம்ம வீட்டு பசங்க மட்டும் பாவம் இல்லியா?" என்றேன். எல்லாரும் சரி என்றார்கள். ஒவ்வொருத்தி வீட்டிலும் ஒருவர் அந்தக் கதவைத் தட்டிக்கொண்டுதான் இருந்தார்.

சடங்குக்கான ரவிக்கை ஏற்கெனவே என்னிடம் தைக்க வந்திருந்தது. மாம்பழ நிறம், அரக்கு பார்டர். தைக்க மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் விஷயம் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்று தைத்து முடித்தேன். சடங்கன்று மதியம் அந்தப் பெண்ணே வாங்க வந்தாள். போட்டுப் பார்த்ததில் அக்குள் பிடித்தது. தையலைப் பிரித்துத் தளர்த்திக் கொடுத்தேன். கண்ணாடியில் முன்னும் பின்னும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அத்த, மொத நலங்கு நீங்கதான் வெக்கணும்னு அம்மா சொல்லிக்கினு இருக்குது. சீக்கிரமா வந்துடுவீங்க இல்ல?"

"வரேம்மா. நீ போயி தல பின்னிக்கோ" என்றேன். தடுமாறாமல் சொன்னேன்.

சாயங்காலம் தெருவை அடைத்துப் பந்தல். அவள் படம் போட்ட பேனர், பாட்டு, வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள். நான் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். மாகறலிலிருந்து தாய்மாமன் வீட்டார் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். அவர்களைத் தவிர யாரும் இல்லை. தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. அலங்கார நாற்காலியில் அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுப் பக்கம் அடிக்கடி பார்த்தாள். நேரம் ஆக ஆகத் தலை குனிந்துவிட்டது. கடைசியில் மாமன் மனைவிதான் நலங்கு வைத்தாள். பன்னீர்ச் செம்போடு பந்தல் வாசலில் நின்ற அந்தப் பெண்ணின் அப்பா, பாட்டை நிறுத்தச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பெண் அழுதது என் அறைவரை கேட்டது. வடித்த சோற்றையும் பிரிஞ்சியையும் அண்டாவோடு வேனில் ஏற்றி அனுப்பினார்கள்.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் வெறுங்கையோடு திரும்பினார். "இனிமே கெடையாது, போங்கடான்னுட்டான்" என்றார். காலைச் சரக்குக்காக வேறு ஊருக்குப் பஸ் ஏறிப் போகிற ஆள் இல்லை இவர். சில நாள் எரிந்து விழுந்தார், பிறகு அடங்கினார். சாயங்காலம் குடிப்பது இப்போதும் உண்டு, காலையில் இல்லை. சரக்கு விற்ற மனிதர் இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். "உன் ரோசனதான்டி" என்று பெண்கள் என்னைப் பாராட்டினார்கள். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெண் அதன்பின் தெருவில் நடக்கவில்லை. ஸ்கூலுக்குப் பின்பக்கச் சந்து வழியாகப் போனாள். அந்த வருஷம் முடிந்ததும் மாகறலில் மாமன் வீட்டுக்கே போய்விட்டாள். அங்கேயே படிக்கிறாள்.

போன மாதம் குழாயடியில் அவள் அம்மாவும் நானும் தனியாக இருக்க நேர்ந்தது. "பொண்ணு எப்படிமா இருக்குது?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்குது. லீவுக்கு வான்னா வர மாட்டேங்குது." குடம் நிரம்புவதையே பார்த்துக்கொண்டு பேசினாள். "ஏங்க்கா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே எல்லா பாட்டிலையும் கால்வாயில ஊத்தியிருப்பேன். நான் மட்டும் அத விரும்பினேனா?"

நான் என் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"வித்தவன் பொண்ணு சடங்குக்கு வரல, சரி. வாங்கிக் குடிச்சவங்க வீட்டு விசேஷத்துக்கு யாராச்சும் போவாம இருந்தீங்களா?"

"தப்புதாம்மா. நான்தான் சொன்னேன், போவாதீங்கன்னு" என்றேன்.

"தெரியும்" என்றாள். குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். தெரிந்தேதான் இவ்வளவு நாளும் என்னைக் கடந்து போயிருக்கிறாள்.

அன்று ராத்திரி என் வீட்டுக்காரரிடம் அவள் கேட்டதைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கை கழுவிவிட்டு எழுந்து போனார். மறுநாள் கோடி வீட்டுக்கார அம்மாவிடமும் சொன்னேன், நாம் செய்தது தப்பு என்று. அன்று தயங்கியவள் அவள்தானே, என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன்.

"ஆனா விக்கறது நின்னுச்சில்லடி?" என்றாள்.

"நின்னுச்சு" என்றேன்.