தம்பியின் எடையில் ஓடுகிறவள்

மூன்றாம் மாடித் திருப்பத்தில் நின்று, இடது கையை முழுசாக நீட்டி, ஊசியில் நூல் கோக்கிறவள்போல ஒரு கண்ணைச் சுருக்கிக் கடிகாரத்தைப் படிக்கிறாள். வெள்ளெழுத்து. கண்ணாடி கீழே வீட்டில் அலமாரிமேல் கிடக்கிறது, எடுத்து வரமாட்டாள். "என்னப்பா, இவ்வளவு ஏறினதுக்கு இதுதானா? கொஞ்சம் பாத்துப் போடு" என்கிறாள் கடிகாரத்திடம். காய்கறிக்காரரிடம் கொசுறு கேட்கும் அதே குரல். அது போடாது. அவிழ்ந்த முடியை அள்ளிச் செருகிக்கொண்டு அடுத்த மாடிக்கு ஏறுகிறாள்.

கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் இஸ்திரியக்கா; அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில், ஈரப் படுக்கைவிரிப்புகளைச் சூட்டு உருளைக்குள் கொடுக்கிற வேலை. இந்தப் பக்கம் முனை பிடித்துக் கொடுத்தால் அந்தப் பக்கம் காகிதமாக மொடமொடவென்று வந்து விழும். தங்க வந்தவர்களின் சொந்தச் சட்டைகள் வந்தால், காலரின் உட்புறம் சிவப்பு நூலில் ஒரு தையல் போடுவாள். கூட்டத்தோடு கலந்துவிடாமல் உரியவரிடம் திரும்பிப் போக வேண்டியது என்பதற்கு அடையாளம். ஊசியும் சிவப்பு நூலும் அவள் கைப்பையைவிட்டுப் போனதில்லை.

கசங்கல் எதையும் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பேசிக்கொண்டே நம் சட்டைக் கையை உள்ளங்கையால் நீவிவிடுவாள். தம்பியின் ஈரல் கெட்டுவிட்டது, மாற்றினால்தான் பிழைப்பான் என்று பெரிய டாக்டர் சொன்னபோது, அவருடைய வெள்ளைக் கோட்டுப் பையை நீவிக்கொண்டிருந்தாளாம். அவர் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்திருக்கிறார். "நீங்க சொல்லுங்க டாக்டர். காது கேட்டுட்டுதான் இருக்கு" என்றாளாம்.

குடும்பத்தில் ரத்தம் பொருந்தியது அவளுக்கு மட்டும்தான். ஆனால் அவள் ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. எடை குறைந்தால் அது கரையும். இரண்டரை மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். கரைந்திருந்தால் ஒரு பாதியை எடுத்துத் தம்பிக்கு வைக்கலாம், இல்லையென்றால் உங்கள்மேல் கத்தி வைக்கமாட்டேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அவள் அதைத் தன் தொழில் பாஷைக்கு மாற்றிக்கொண்டாள். "கறையோட குடுத்தா யாரு வாங்குவா? வெளுத்தே குடுத்துடறேன்."

கடிகாரம் தம்பியுடையது. கால்பந்து ஆடிக்கொண்டிருந்த காலத்தில் வாங்கியது. முதுகில் பச்சை வெளிச்சம் மினுக்கித் தோலுக்குள் பார்த்து இதயத் துடிப்பை எண்ணும். அதை வைத்து எவ்வளவு கலோரி எரிந்தது என்றும் சொல்லும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே கழற்றி நீட்டினானாம்.

"கட்டிக்கக்கா. இதை ஏமாத்த முடியாது."

"நான் யாரைடா ஏமாத்தப் போறேன்?"

"தட்டை."

அன்றிலிருந்து கடிகாரம் சொன்னதுதான் சட்டம். அது தாராளமாக எரித்துக் காட்டிய நாளில் ஒரு ரொட்டி கூடுதல். கஞ்சத்தனம் பண்ணிய நாளில் வெறும் தேநீர். "பெண்டாட்டி தட்டுல சோறு விழணும்னா வாட்ச்கிட்ட சிபாரிசு வேணும்" என்று வீட்டுக்காரர் எங்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். வேலை நாட்களில் தாராளத்துக்குக் குறைவே இல்லை. "உருளை பக்கத்துல போய் நின்னா போதும், டாக்சி மீட்டர் மாதிரி ஓடுது" என்பாள். எடை மெஷின் மட்டும் கோபித்துக்கொண்ட மாமியார் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. ஒரு மாதத்துக்கு மேல் போயும் முள் அசைந்தேன் என்று சொல்லவில்லை. அவளுக்குப் பேச்சு குறைந்தது. மாடிப்படியில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும்.

ஒரு ஞாயிறு மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரியான நான் அவள் வீட்டில் இருந்தபோது போன் வந்தது. தம்பிக்கு மஞ்சள் ஏறியிருக்கிறது, ஆள் அடையாளம் தெரியாமல் பேசுகிறான் என்று அவன் மனைவி அழுதாள். இவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி "ம், ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று கடிகாரம் அதிர்ந்தது. போனை வைத்துவிட்டுக் கையை நீட்டிப் பார்த்தாள். கட்டத்துக்குள் ஒரு குட்டி மனிதன் ஓடிக்கொண்டிருந்தான்.

"நான் ஓடறேனாம்" என்றாள். "பாரேன். உக்காந்த இடத்துல ஓடறேனாம்."



மறுவாரம் ஆஸ்பத்திரி டயட்டீஷியன் பெண்ணிடம் அதைக் கேட்கப் போனபோது என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டாள். அந்தப் பெண் கடிகாரத்தை வாங்கிப் பார்த்தாள். "இது துடிப்பை எண்ணுறது பெரும்பாலும் சரியா இருக்கும்மா. கலோரி மட்டும் ஊகம். வெக்கையில நின்னாலும் துடிப்பு ஏறும், பயந்தாலும் ஏறும். எதனால ஏறுதுன்னு இதுக்கு எப்படித் தெரியும்? எல்லாமே ஓட்டம்னு நினைச்சுக்கும்."

"வாசல்ல கிடக்கிற செருப்பை எண்ணிட்டு, உள்ள எவ்வளவு சோறு செலவாச்சுன்னு சொல்ற மாதிரியா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "அதேதான். இதுல உங்க வயசு, எடையெல்லாம் யாரு போட்டாங்க?"

யாரும் போடவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே தம்பி இருந்தான். ஆண். இவளைவிட நாலு வயது இளையவன். எடை எண்பத்திரண்டு. இத்தனை நாளும் அவள் ஏறிய ஒவ்வொரு படியையும் அந்த ஆரோக்கியமான ஆண்பிள்ளை ஏறியதாகக் கணக்குப் போட்டு, அவனுக்கு உண்டான ரொட்டியை இவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

திட்டப்போகிறாள், அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கடிகாரத்தை வாங்கிக் கைநீட்டிப் பிடித்து அந்த எண்ணைப் படித்தாள். "எண்பத்திரண்டா இருந்தான்" என்றாள். பிறகு மறுபடியும், "எண்பத்திரண்டு."

"மாத்தி உங்களோடதைப் போட்டுத் தரட்டுமா?"

"வேண்டாம்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும். நான் எவ்வளவு திங்கணும்னு நீ சொல்லு."

அந்தப் பெண் சொன்னாள். சொன்னதில் ஒரு பருக்கை கூடவில்லை. ஸ்கேன் வரைக்கும் இருந்த மீதி நாட்களை அவள் ஓட்டியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. காலையில் படி, பகலெல்லாம் நின்றபடி உருளை, மாலையில் இரண்டு பஸ் மாறித் தம்பியின் வார்டு, திரும்பி வந்ததும் மறுபடி படி. தூக்கம் வராத கண்ணோடு ஏறுவாள். சுவரில் ஒரு கையை ஊன்றி நிற்கும்போது, அந்த நெஞ்சு துணியைத் தூக்கித் தூக்கி அடிப்பது நாலு படி கீழே நின்றாலும் தெரியும். கையளவு தசை. வெக்கை, படிக்கட்டு, பசி, பயம் என்று வந்தது எதையும் அது தள்ளிவிடவில்லை. அதில் படிக்கு எவ்வளவு, பயத்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்தக் கருவிக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டு நின்ற எனக்கும் தெரியவில்லை. தூக்கி வந்த தண்ணீர் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கி வழிவிடுவேன். கோயிலில் சாமி வரும்போது ஒதுங்குவதுபோல் ஒதுங்கியிருக்கிறேன் என்பது அவள் என்னைத் தாண்டி ஏறிப் போன பிறகுதான் உறைக்கும்.

போன வாரம் ஸ்கேன். டாக்டர் திரையை ஒருமுறை பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுமுறை பார்த்தார். "போதும்மா. எடுக்கலாம்" என்றார். அவள் அவர் கோட்டுப் பையை நீவிவிட்டாளாம். இந்தத் தடவை அவர் குனிந்து பார்க்காமல் நின்று கொடுத்தாராம். அதற்குப் பிறகும் தினம் படி ஏறினாள். "டாக்டர்தான் போதும்னுட்டாரே அக்கா" என்றேன். "இன்னும் ஒரு அலசு அலசினா குறைஞ்சா போயிடும்?" என்றாள்.

நாளை ஆபரேஷன். நேற்று மாலை அவளைச் சேர்க்கக் கூடப் போனேன். உடம்பில் ஒன்றும் போட்டிருக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னதும் தோடு, வளையல் எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள். கடிகாரத்தைக் கொடுக்கவில்லை. எடுத்துக்கொண்டு நேரே தம்பியின் கட்டிலுக்குப் போனாள்.

"கையைக் காட்டுடா."

"எனக்கு எதுக்குக்கா? படுத்துக்கிட்டு நான் என்னத்தை எரிக்கப் போறேன்?"

"காட்டுன்னா காட்டு."

பட்டையைக் கடைசி ஓட்டை வரைக்கும் இழுத்து மாட்டினாள். அப்படியும் அது வளையல்போல மணிக்கட்டைச் சுற்றி வந்தது. தம்பி சிரிக்கப் பார்த்தான். அவள் கழற்றினாள். பட்டையைப் புரட்டி, அவன் ஆடின காலத்தில் மாட்டி மாட்டி அகன்றுபோயிருந்த பழைய ஓட்டையை விரலால் தேடிப் பிடித்தாள். கைப்பையிலிருந்து ஊசியை எடுத்தாள். கண்ணாடி இல்லை, கையை நீட்டி, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அந்த ஓட்டைக்குள் சிவப்பு நூலை விட்டு இறுக்கி முடிச்சுப் போட்டாள். குனிந்து மிச்ச நூலைப் பல்லால் கடித்தாள்.