மொட்டை மாடியில் நான் அணைத்த சிவப்பு விளக்கு

பிரியமானவர்களே, இதை எழுதுவது சந்தோஷத்தில்தான்! ஆனால் முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஹெலிகொப்டரில் இருந்த அத்தனை பேரையும் நான் கொன்றிருப்பேன்.

கொழும்பு வெள்ளவத்தையில், கடலோரமாக உள்ள பதினான்கு மாடித் தொடர்மாடியில் இருக்கிறேன். பியானோ படிப்பிப்பதால் எல்லாருக்கும் நான் ‘மிஸ்’. எங்கள் கரோல் கோஷ்டிக்கும் நான்தான் தலைவி. போன நத்தாருக்கு எனக்கு ஒரு ஆசை பிடித்தது. எங்கள் நட்சத்திர விளக்கு அடுத்த ஊரான தெஹிவளைக்கும் தெரிய வேண்டும்!

தண்ணீர்த் தாங்கிக்கு மேலே நீளமான இரும்புக் கம்பம் கட்டுவித்தேன். அங்கே கரண்ட் எடுக்க ஒரேயொரு வயர்தான் இருந்தது. அது கட்டிட உச்சியில் எரியும் சிவப்பு விளக்கின் வயர்.

எங்கள் கட்டிட எலெக்ட்ரீசியன் சுனில் பாஸ் தலையைச் சொறிந்தார். “மிஸ், அது ஹெலிக்குப் போட்ட லைட். கழட்டினா சரியில்ல.”

“மூண்டு கிழமைதானே பாஸ்! இஞ்ச எங்க ஹெலி வருது?” என்று ஒரே வாயில் அடக்கிவிட்டேன். அந்த நல்ல மனிதர் விளக்கின் வயரைக் கழற்றி, அந்தக் கரண்டை என் நட்சத்திரத்துக்குக் கொடுத்தார்.

பிறகு பெருமழை பிடித்தது. வெள்ளத்தில் அகப்பட்ட நோயாளிகளை ஹெலிகொப்டர்கள் கொழும்புக்கு ஏற்றி வந்தன. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், இருட்டும் நேரத்தில், என் நட்சத்திரம் அணைந்துவிட்டது. அதுதான் எனக்குப் பெரிய கவலை! சுனில் பாஸை இழுத்துக்கொண்டு மேலே போனேன். மழையில் கடலே தெரியவில்லை. கரண்டை வெட்டும் பிரேக்கர் விழுந்திருந்தது; அதை அப்படியே விட்டு அவர் தாங்கியில் ஏறி, வயர்கள் சேரும் மூட்டின் சுற்றலைப் பிரித்தார்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. கடலோர ரெயில் தண்டவாளத்துக்கு மேலாக, முகிலுக்குக் கீழே, தாழப் பறந்து ஒரு ஹெலி நேரே எங்களை நோக்கி வந்தது. என் இரும்புக் கம்பம் இருட்டில் நிற்கிறது. ஐயோ, அவர்களுக்கு எப்படித் தெரியும்?

“மிஸ், பிரேக்கரப் போடுங்க!” சிவப்பு விளக்கின் வயரை மூட்டில் முறுக்கிவிட்டு சுனில் பாஸ் கத்தினார். படிக்கட்டு வாசலில் இருந்த பெட்டிக்கு ஓடினேன். போட்டேன். டப்பென்று விழுந்தது. கையை எடுக்கச் சொல்லிக் கத்திவிட்டு மறுபடியும் போட்டேன். விழுந்தது. ஹெலிச் சத்தம் நெஞ்சுக்குள் இடித்தது.

தேங்கிய மழைத் தண்ணீருக்குள்ளேயே முழங்காலில் விழுந்தேன். அழகான ஜெபம் ஒன்றும் வரவில்லை. “ஆண்டவரே, எனக்கு நட்சத்திரம் வேண்டாம்! அது என்ர வீம்பு. எடுத்துப்போடும்! அந்தச் சனம் சாகக் கூடாது!”

“கை எடுத்தாச்சு! போடுங்க மிஸ்!” என்று மேலிருந்து குரல் வந்தது. போட்டேன். பிரேக்கர் விழாமல் நின்றது!

சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த ஹெலி மூக்கை நிமிர்த்தி, ஒரே வெட்டாகக் கடல் பக்கம் திரும்பி, எங்களைத் தாண்டிப் போனது. “அனே தெய்யனே!” என்று சிங்களத்தில் கடவுளைக் கூப்பிட்டபடி சுனில் பாஸ் தாங்கியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் சிரித்தேன், அழுதேன், தோத்திரம் தோத்திரம் என்று கத்தினேன்.

“என்ன செய்தனீங்க பாஸ்?” என்று கேட்டேன்.

“மூட்டில இருந்த ஸ்டார் வயரப் புடுங்கிட்டேன் மிஸ். நனைஞ்சு போன அதுதான் பிரேக்கர விழுத்தினது.”

எனக்குப் புல்லரித்தது. கீழே நான் நட்சத்திரத்தை விட்டுக்கொடுத்த அதே நேரத்தில், மேலே அவர் அதைப் பிடுங்கியிருக்கிறார்! தற்செயல் என்று சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும். முழங்காலில் இருந்தவள் நான்.

மறுநாளே கம்பத்தை இறக்கினோம். நிர்வாகக் குழுவிடம் உள்ளதைச் சொல்லி நன்றாக ஏச்சும் வாங்கினேன். சுனில் பாஸிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒருவர் ‘வேண்டாம்’ என்று தடுத்தால், இப்போது வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன்.

நீங்களும் ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். ஆனால் கேட்டதை அவர் தருவதற்குமுன் எதையாவது விடச் சொன்னால், என்னைப் போல் ஹெலி வரும்வரை காத்திருக்காதீர்கள். உடனே விட்டுவிடுங்கள்!