குளிர்காலப் பெட்டி

கைகள் கிளாசுகளைக் கழுவிக்கொண்டிருந்தன. சவர்க்காரம் இல்லை, சோடாத்தூள் கரைத்த சுடுநீர் மட்டும். சவர்க்காரம் துளி ஒட்டியிருந்தாலும் பியரில் நுரை நிற்காது. கழுவியதைத் துணியால் துடைக்கவும் கூடாது, துணியின் மணம் ஏறிவிடும். ஒவ்வொன்றாய்க் கம்பித்தட்டில் கவிழ்த்த பிறகு அந்தக் கைகள் பின்கதவைத் திறந்து, படிக்கட்டுக் கொட்டிலில் குளிரேறிக் கிடந்த போத்தல்களை எடுத்து வந்து சமையலறை மேசையில் அடுக்கின. குளிர்காலப் பியர் கனமானது. அரைமணி நேரமாவது வீட்டுச் சூட்டில் நின்றால்தான் அதன் மணம் வெளியே வரும்.

இவ்வளவும் அறிந்து செய்த ஜெகதீஸ்வரி, தன் வாழ்நாளில் ஒரு மிடறு பியர் குடித்தவள் இல்லை.

பியர் அவளுடைய கணவர் கணேசலிங்கத்தின் விஷயம். மொன்றியலுக்கு வந்த புதிதில் அவர் டவுன்டவுனில் ஒரு பியர்க்கடையில் கிளாஸ் கழுவினார். ஆட்கள் மிச்சம் விட்ட போத்தல்களின் அடியை மணந்து, நாக்கில் ஒரு சொட்டு வைத்துத் துப்பி, எது எதனால் நல்லது, எது எங்கே பழுது என்று தானாகவே பிடித்துக்கொண்டார். பிறகு துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போய்விட்டார். பழக்கம் மட்டும் விடவில்லை. பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், அவரை அண்ணை என்று கூப்பிடுகிற இரவிச்சந்திரன் ஒரு டெப்பனர் நடத்துகிறான். பாலும் பாணும் லொத்தர் ரிக்கற்றும் பியரும் விற்கிற மூலைக்கடை. ஒவ்வொரு நவம்பரும் சின்னச் சின்னப் பியர் ஆலைகள் குளிர்காலத்துக்கென்று இறக்குகிற பியர்களைக் கணேசலிங்கம் வீட்டில் வைத்துச் சுவைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார். ஆறு தேறும். அந்த ஆறையும் ஒரு பெட்டியில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் பிரெஞ்சில் ஒரு சின்ன அட்டை எழுதிக் கொடுப்பார். அதே மாதிரிப் பெட்டிகளை இரவிச்சந்திரன் கட்டி விற்பான். அக்கம்பக்கத்துப் பிரெஞ்சு இளைஞர்கள் "கணேஷின் பெட்டி வந்துவிட்டதா?" என்று கேட்டு வந்து வாங்குவார்கள்.

களஞ்சியத்தில் அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. சாமான் ஏற்றிய தட்டை எங்கே வைக்கவேண்டும் என்று சொல்வார்கள், வைப்பார். கோயிலில் சிலர் அவருக்கு வைத்த பெயர் பியர்க் கணேசர். துப்புகிறவரைக் குடிகாரர் என்று ஊர் நம்பியது. அதற்கான பார்வைகளை வாங்கியவள் ஜெகதீஸ்வரி. "எது நல்லது, நீங்கள் சொல்லுங்கோ" என்று ஒரு ஆள் அவரைக் கேட்கிற இடம் இந்த உலகத்தில் அந்த மூலைக்கடை ஒன்றுதான். அது அவளுக்கும் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன் வந்த கொரோனாக் காய்ச்சல் போகும்போது அவருடைய மணம் அறியும் திறனையும் கொண்டுபோய்விட்டது. அவர் சொல்லவில்லை. பருப்புச் சட்டி அடிப்பிடித்து வீடெல்லாம் புகை நாறியபோது, அடுப்புக்குப் பக்கத்தில் அசையாமல் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்துத்தான் அவள் கண்டுபிடித்தாள். அந்த வருஷமும் போன வருஷமும் அட்டைகளை அவர் பழைய ஞாபகத்தில் எழுதிக் கொடுத்தார். இந்த வருஷம் அவருக்கே பயம் வந்துவிட்டது.

"ஈஸ்வரி, நீர் ஒருக்கா மணந்து சொல்லும்" என்றார்.

"இத்தினை வருஷமா நவம்பர் மாசம் இந்த மேசையிலை இருந்து ஒரு வாய் சோறு தின்ன விட்டனீங்களோ? இப்பதான் எனக்கும் ஒரு மூக்கிருக்கிறது தெரிஞ்சுதாக்கும்."

சொன்னாளே தவிர, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளாசுகளைக் கழுவிவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

ஆந்தை படம் போட்ட போத்தலில் தொடங்கினார்கள். அவள் மூக்கைக் கிளாசுக்குள் விட்டு எடுத்தாள். "பாண் கருகின மணம். அடியிலை கொஞ்சம் கோப்பி."

அவர் ஒரு மிடறு எடுத்து வாயில் உருட்டித் துப்பினார். "கைப்பு நல்லாயிருக்கு. இனிப்பும் மிஞ்சேல்லை. தேறும்."

நாக்கு அவருக்கு இன்னும் இருந்தது. கைப்பு, இனிப்பு, புளிப்பு, தொண்டையில் இறங்கும் சூடு எல்லாம் சரியாகச் சொன்னார். மிச்சமெல்லாம் அவள் மூக்கு.

"இது கறுவா, கராம்பு. ஆரோ கேக்குக்குப் போட்டுட்டு மிச்சத்தை இதுக்குள்ளை கொட்டியிருக்கிறான்."

"அப்பிடியே எழுதுறன்."

"இது வாழைப்பழம். கதலி இல்லை, கப்பல் பழம். தோல் கறுத்தது."

"அந்தச் சாதிப் பியரிலை அது வரத்தான் வேணும்." அவர் முகம் மலர்ந்தது. "உமக்கு நல்லாப் பிடிபடுது."

அவர் தன்னைப் பாராட்டி எத்தனை காலம் என்று அவள் யோசித்தாள். யோசிக்காமலே இருந்திருக்கலாம். கலைமான் போத்தலை அவர் திறந்தார்.

அது, கிறிஸ்மஸுக்கு வீட்டில் நிறுத்துகிற ஸ்புறூஸ் என்ற ஊசியிலை மரத்தின் இளந்துளிரைப் போட்டு வடிக்கிற மண்ணிறப் பியர். எத்தனையோ வருஷமாய்ப் பெட்டியில் முதல் இடம் அதற்குத்தான். அவர் கிளாசைச் சரித்து, நுரை பொங்காமல் தானே ஊற்றிக் கொடுத்தார். அவள் மணந்தாள். இன்னொரு முறை மணந்தாள்.

"இது சரியில்லை. மழையிலை நனைஞ்ச கட்போட் பெட்டி."

"உமக்கு ஸ்புறூஸ் மணம் தெரியாது."

"தெரியாதோ? ஒவ்வொரு நத்தாருக்கும் மேல்வீட்டுக்காரர் மரத்தை எங்கடை படியாலை இழுத்துக்கொண்டு போகினம். கொட்டின ஊசியைக் கூட்டுறது ஆர், நீங்களோ?"

இன்னொரு கலைமானைத் திறந்தார்கள். அதுவும் அதே மணம் என்றாள். அவர் அதைக் கேட்காதவர்போல அட்டையை எடுத்து எழுதத் தொடங்கினார்: ஸ்புறூஸ் துளிர், காட்டுத்தேன், குளிர்ந்த காற்று.

"நான் சொன்னது வேறை, நீங்கள் எழுதுறது வேறை."

"நீர் குடிக்காத மனிசி. அது பால் மணக்கிற மூக்கு."

கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றின் சமையலறையில்தான் ஜெகதீஸ்வரிக்கு வேலை. தினமும் விடிய, பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பாலை மணந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவாள். அவள் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள்.

"திரும்பி இருங்கோ."

"ஏன்?"

"மூண்டு கிளாஸ்."

அது அவருடைய சொந்த முறை. மூன்று கிளாசில் இரண்டில் ஒரே பியர், ஒன்றில் வேறு. தனியானது எது என்று சொல்லவேண்டும். முன்பெல்லாம் அவர் சுவரைப் பார்த்து இருக்க, அவள் ஊற்றி வைப்பாள்; அந்த வேலைக்கு மட்டும் அவள் தேவைப்பட்டாள். அவர் ஒருநாளும் பிழையாகச் சொன்னதில்லை.

கலைமானின் அதே நிறத்தில், ஏறக்குறைய அதே கைப்பில் இன்னொரு பியர் மேசையில் இருந்தது. அவள் ஊற்றினாள். அவர் திரும்பி, மூன்றையும் வாயில் வைத்து, வெகுநேரம் எடுத்து நடுக்கிளாசைத் தொட்டார். பிழை. "இன்னொருக்கா" என்றார். அதுவும் பிழை.

மூன்றாம் முறை அவள் ஊற்றி முடித்து, "இப்ப கலைமான் எது?" என்று கேட்டாள். அவர் கண்ணை மூடி ஒவ்வொன்றையும் மூக்கருகே பிடித்து, ஆழமாய் இழுத்தார். கடைசிக் கிளாசில் அவர் முகம் தெளிந்தது.

"இது. இதிலை ஊசி மணம் தெரியுது, ஈஸ்வரி. திரும்பி வருது போலை."

"மூண்டும் மற்றப் பியர். கலைமானை நான் கழுவுற சிங்குக்குள்ளை ஊத்திப்போட்டன்."

சொன்ன கணமே, சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் சொல்லாமல் எப்படி விடுவது?

அவர் கிளாசை மெல்ல வைத்தார். வெளியே பனி தள்ளுகிற வண்டி தெருவை வழித்துக்கொண்டு போனது. அது போன பிறகு, "அப்ப போன வருஷம் நான் குடுத்ததும் பழுதோ?" என்று கேட்டார்.

"எனக்கு எப்பிடித் தெரியும்? போன வருஷம் நீங்கள் என்னைக் கேக்கேல்லை."

கலைமானின் அட்டையை அவர் இரண்டாய்க் கிழித்தார். மற்ற அட்டைகளை அவள் சொன்ன சொற்களிலேயே எழுதினார். கடைசியில், அவளைப் பார்க்காமல், "இரவிக்குச் சொல்லிப்போடுவம்" என்றார்.

"என்னெண்டு?"

"மணந்தது நீரெண்டு."

அவள் கிளாசுகளைச் சேர்த்து எடுத்தாள். சனிக்கிழமை அவர் கடைக்குப் புறப்பட்டபோது, வழக்கமில்லாத வழக்கமாய்த் "நானும் வாறன்" என்றாள். நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டாள். சப்பாத்து மாட்டுவதற்கு முன் கண்ணாடியில் பொட்டைச் சரிபார்த்தாள். பெட்டியை அவரிடம் கொடுக்கவில்லை, தானே தூக்கினாள்.

கடையில் இரவிச்சந்திரன் லொத்தர் மிஷினுக்குப் பின்னால் நின்றான். அட்டைகளை வாங்கி ஒவ்வொன்றாய் வாசித்தான். "தோல் கறுத்த வாழைப்பழமோ! மிச்சக் கேக்குச் சரக்கோ! அண்ணை, இந்த முறை ஒரு தனி எழுத்து. பொடியள் இதை வாசிச்சே வாங்குவாங்கள்." பிறகு அவள் கையிலிருந்த பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். "ஏன் ஒரு குழி வெறுமை? ஐஞ்சுதானோ?"

"ஐஞ்சுதான் தேறினது. கலைமானை எடுக்காதை. நனைஞ்ச கட்போட் மணம்" என்றார் கணேசலிங்கம்.

"ஐயோ அண்ணை, நேற்றுத்தான் ஒரு பெட்டை அதைத் திருப்பிக் கொண்டந்து இதே சொல்லுச் சொன்னவள்! உங்கடை மூக்குக்குக் காப்புறுதி செய்து வைக்கவேணும்."

கணேசலிங்கம் கையுறையைக் கழற்றினார். "மூக்கு என்ரை இல்லை, இரவி. எனக்கு மணம் போய் ரெண்டு வருஷம். மணந்தது இவள்."

ஜெகதீஸ்வரிக்குக் காது சூடேறியது. இரவிச்சந்திரன் அவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அவளுடைய பொட்டைப் பார்த்தான். பிறகு கவுண்டரில் தட்டித் தட்டிச் சிரித்தான்.

"அக்காவோ! பியரோ! அண்ணை, பகிடிக்கும் ஒரு அளவு வேணும். அக்கா கோயில் தீர்த்தத்தையே மணந்து பாத்துத்தான் வாங்குவா!"

அவள் கணவரைப் பார்த்தாள். இன்னொரு வசனம் போதும். 'பகிடி இல்லை' என்றால் போதும். அவர் வாய் திறந்தது. வாசலில் ஒரு பெடியன் பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்து, "போன்ஜூர், கணேஷ்! பெட்டி வந்துவிட்டதா?" என்று பிரெஞ்சில் கேட்டான். கணேசலிங்கம் திரும்பி அவனைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். முதலில் உதட்டோரம், பிறகு தோள் குலுங்க. பாரம் இறக்கிய மனிதன் சிரிக்கிற சிரிப்பு. சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று, நம்பாதது இரவிச்சந்திரனின் பாடு.

"அக்கா, அதை இஞ்சாலை தாங்கோ" என்று இரவிச்சந்திரன் இரண்டு கையையும் நீட்டினான், கண்ணில் இன்னும் சிரிப்புத் தண்ணீர்.

அவள் பெட்டியைக் கவுண்டரில் வைத்து அவன் பக்கம் தள்ளினாள்.