ஐம்பத்து நான்கு ரூபாய் வித்தியாசம்

அறுபதுகளின் கடைசியில், மேற்குத் தாம்பரத்தில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்த இன்ஸ்டிடியூட்டில் புக்கீப்பிங் படித்தேன். கீழே ரிம்மைத் தட்டும் சத்தம், பக்கத்து அறையில் பத்து டைப்ரைட்டர்கள். அந்த இரைச்சலில்தான் பற்று எது, வரவு எது என்று மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இப்போது அந்த இரைச்சலுக்கே மனசு ஏங்குகிறது.

எனக்குக் கணக்கு சட்டென்று வரும். வாயும் சும்மா இருக்காது. ட்ரையல் பாலன்ஸில் இரண்டு பக்கக் கூட்டுத்தொகையும் ஒன்றாக வந்தால், அடியில் சிவப்பு மையால் இரட்டைக் கோடு இழுக்க வேண்டும். தினமும் முதல் கோடு என்னுடையதுதான். இழுத்துவிட்டு ஸ்கேலை டொக்கென்று மேஜையில் வைப்பேன். எல்லோரும் திரும்பிப் பார்க்க வேண்டாமா?

என் பெஞ்சில் ஓர் அக்கா இருந்தார், குரோம்பேட்டையிலிருந்து ரயிலில் வருவார். கணவர் இறந்ததும் அவர் வேலை பார்த்த ஆபீஸிலேயே இவருக்குக் குமாஸ்தா வேலை கொடுத்திருந்தார்கள். ஒரு வருடத்துக்குள் புக்கீப்பிங் லோயர் பரீட்சையில் தேறாவிட்டால் அந்த வேலை போய்விடும். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். கணக்கோ அவருக்கு ஒருநாளும் நேராக வராது.

"வித்தியாசத்தை ஒன்பதால வகுத்துப் பாருங்கக்கா. மிச்சமில்லாம வகுபட்டா எங்கேயோ இலக்கம் இடம் மாறியிருக்கும். எத்தனை தடவை சொல்றது?" என்று எரிந்து விழுவேன்.

"கத்தாதே தம்பி. கீழ இருக்கிற சைக்கிளுக்கெல்லாம் காத்து எறங்கிடப் போவுது" என்பார்.

பரீட்சையன்று என் கணக்கில் ஐம்பத்து நான்கு ரூபாய் உதைத்தது. எனக்கா? கூட்டியதையே திரும்பத் திரும்பக் கூட்டினேன். மணி அடிக்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. சில்லறைச் செலவில் ஐம்பத்து நான்கைச் சேர்த்து எழுதி, இரட்டைக் கோட்டையும் இழுத்துவிட்டேன்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டார்: "உனக்கு டேலி ஆச்சா?"

"ஆகாம? உங்களுக்கு?"

"ஏழு ரூபா இடிக்குது. தேடிப் பாத்தேன், கெடைக்கல. சஸ்பென்ஸ் கணக்குல வெச்சு, தப்பு எங்கன்னு தெரியலன்னு எழுதிட்டேன்."

"போச்சுக்கா. டேலி ஆகாத பேப்பருக்கு யாரு பாஸ் போடுவா?"

அக்கா ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். இரண்டு வண்டிகளை விட்டுவிட்டார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ரிசல்ட் வரும்வரை இரண்டு மாதம், வேலை போனால் குழந்தைகளை ஊரில் யாரிடம் விடுவது என்றே அவர் புலம்பிக்கொண்டிருந்தார். மானம் போய்விடுமே என்று நான் வாயைத் திறக்கவில்லை. பாவி நான்.

இன்ஸ்டிடியூட் பலகையில் நம்பர்களை ஒட்டினார்கள். அக்காவின் நம்பர் இருந்தது. என்னுடையது இல்லை.

அவர் தன் நம்பரை ஒரு தடவைதான் பார்த்தார். என் நம்பரைத்தான் மேலிருந்து கீழாக விரல் வைத்துத் தேடிக்கொண்டிருந்தார். "உனக்குத்தான் டேலி ஆச்சே தம்பி?"

"ஆகலக்கா" என்றேன். "ஐம்பத்து நாலு உதைச்சுது. நானா ஒரு இடத்துல சேத்து எழுதிட்டேன்."

இரண்டு மாதம் அழவைத்ததற்குத் திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டார்.

"ஒன்பதால வகுபடுதே" என்றார் மெதுவாக. "பாக்கலையா நீ?"