தங்கமணி அக்காவும் என் வண்டிப் பிரேக்கும்

தங்கமணி அக்கா போய்விட்டார் என்ற செய்தியை எனக்குச் சொன்னது மெக்கானிக் பஷீர். மீமிசலில் என் துணிக்கடைக்கு எதிரே அவன் பட்டறையில், என் சின்னக் கார் முன்சக்கரங்கள் கழற்றிய நிலையில் நின்றுகொண்டிருந்தது. பிரேக் பேடு தேய்ந்து இரும்பு தெரிந்துவிட்டது. புதிதாக ஒரு செட்டு கேட்கலாம் என்று அறந்தாங்கியில் அக்கா கடைக்குப் போன் போட்டவன், சாலையைக் கடந்து என்னிடம் வந்து நின்றான். "அக்கா, தங்கமணியக்கா தவறிட்டாங்களாம். நெஞ்சு வலியாம். மதியத்துக்குள்ள எடுத்துருவாங்களாம்."

மடித்துக்கொண்டிருந்த சேலையை அப்படியே போட்டுவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும். எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. வீட்டில் வைத்திருக்கும்போது பார்த்தால்தான் உண்டு. என் தவிப்பைப் பார்த்துப் பஷீரே ஒரு வழி சொன்னான். "வேற வண்டி பேடு ஒரு செட்டு கெடக்குக்கா. கொஞ்சம் பெருசு. அரத்தால ராவி மாட்டி விட்டுர்றேன். மெதுவா ஓட்டிப் போயிட்டு வந்துருங்க."

அக்கா கடையை அறியாத ஓட்டுநர் அந்த வட்டாரத்தில் குறைவு. இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேராவது அவரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். கார் உதிரிபாகக் கடையின் கல்லாவில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "அண்ணன் இல்லீங்களா?" என்று கேட்காத ஆள் கிடையாது. "அண்ணன் வீட்டுல கொழம்பு வச்சுக்கிட்டு இருக்கு. ஒங்களுக்குக் கிளட்ச் வேணுமா, அண்ணன் வேணுமா?" என்பார் அக்கா. நானும் கல்லாவில் உட்காருகிறவள்தான். அந்தக் கேள்வி எனக்கும் பழக்கம். அந்தப் பதில்தான் எனக்கு வராது.

முதல்முறை பேடு வாங்கப் போனபோது, வண்டியின் பெயரைச் சொன்னால் போதும் என்று நினைத்தேன். "பேரு கெடக்கட்டும், கழட்டுன பழசு எங்க?" என்றார். ஒரே பெயரில் ஓடும் வண்டிக்கு மாடலுக்கு மாடல் அளவு மாறுமாம். பழசைக் கொண்டு போய்க் கொடுத்ததும் புதியதன் மேல் வைத்து, ஓரத்தோடு ஓரம் விரலால் தடவிப் பார்த்தார். தேய்ந்த பக்கத்துக்கு மட்டும் போதுமே என்றேன். "ஒரு காலுக்கு மட்டும் செருப்பு வாங்குவீங்களா?" என்றார். கோபமாக வந்தது. ஆனாலும் இரண்டு பக்கத்துக்கும் வாங்கிக்கொண்டுதான் திரும்பினேன்.

ஆயுத பூஜைக் கூத்தையும் சொல்லியாக வேண்டும். பூஜைக்கு முந்தின நாள் வாங்கிவந்த புது பேடுகளை என் வீட்டுக்காரர் சாமி படத்தின் முன்னால் வைத்து, தேயும் பக்கமாகப் பார்த்துச் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, போதாததற்கு விளக்கு எண்ணெயும் சிந்திவிட்டார். துடைத்துவிட்டோம், சரியாகப் போயிற்று என்று மாட்டினோம். கடைவீதியில் மிதித்தால் வண்டி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போய்த் தேங்காய் மூட்டையில் முட்டித்தான் நின்றது. அக்கா அந்தப் பேடுகளை வாங்கிப் பார்த்து, எண்ணெய் இறங்கிவிட்டது, கழுவியும் பயனில்லை என்று குப்பையில் போட்டார். பிறகு என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார். "பொட்டு வைங்க, வேணாங்கல. முதுகுப் பக்கம் இரும்புல வைங்க. சாமி அங்கிட்டு இருந்தும் பாக்கும்." அந்த வருஷத்திலிருந்து பூஜை நாட்களில் அவர் விற்ற ஒவ்வொரு பேடின் முதுகிலும் அவரே ஒரு பொட்டு வைத்துத்தான் கொடுத்தார்.

அக்காவும் ஒருமுறை தப்புச் செய்திருக்கிறார். பிள்ளைகளைச் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப்போக இருந்ததால், முதல் நாள் காலையில் பின்சக்கரத்துக்குப் பிரேக் ஷூ வாங்கி வந்து மாட்டியிருந்தோம். மாலையில் பார்த்தால் அக்கா பேருந்திலிருந்து இறங்கி வேர்த்து விறுவிறுக்க என் கடைக்குள் வருகிறார். "போன எடுக்க மாட்டீங்களா? சாவியக் குடுங்க. பெட்டி மாத்திக் குடுத்துட்டேன். பழைய மாடலுக்கு உள்ளது அது, அகலம் கம்மி. தப்பு எம்மேலதான். வண்டி நகரக் கூடாது."

வாடிக்கையாளர்கள் பார்க்கப் பார்க்க நான் கத்தினேன். "பிள்ளைகள ஏத்திக்கிட்டுப் போக இருந்தேனே! ஒங்கள நம்பித்தானக்கா வாங்கினேன்!"

"திட்டுங்க. சக்கரத்தக் கழட்டி முடிக்கிற வரைக்கும் திட்டுங்க, கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, கையோடு கொண்டுவந்த சரியான ஷூவைப் பஷீரிடம் கொடுத்துப் பக்கத்திலேயே நின்றார். கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். மாட்டி முடித்தபின் என் கடையில் ஒரு சுங்குடிச் சேலையை எடுத்து, ஈரக் கைக்குட்டையால் முந்தானையைத் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்தார். ஒட்டியது. "இத ஊருக்கு வித்துராதீங்க" என்று வைத்துவிட்டுப் போனார். மனுஷிக்குக் கொழுப்பைப் பாருங்கள் என்று சிரித்துக்கொண்டேன்.

இத்தனையும் நினைவுக்கு வர எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. பஷீர் அரத்தை எடுத்துவிட்டான். ராவினால் அரை மணியில் கிளம்பிவிடலாம், முகம் பார்த்துவிடலாம். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"வேணாம் தம்பி. சரியானது வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினேன். வந்த பேருந்து ஊருக்கு ஊர் நின்று, ஆவுடையார்கோவிலில் வெகுநேரம் கிடந்தது. அக்கா வீட்டுத் தெருவில் நுழையும்போதே பூ இறைந்து கிடந்தது. எடுத்துவிட்டார்கள். வாசலில் பெண்கள் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அக்காவின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பத்தான் சித்தி எடுத்தாங்க. கார்ல வந்திருந்தா பாத்துருக்கலாமே" என்றாள். காரில் ஏன் வரவில்லை என்று சொன்னேன். அவள் அழுதுகொண்டே, "நல்லவேளை, அப்படி மட்டும் வந்திருந்தீங்கன்னா அம்மா எந்திரிச்சு வந்து திட்டிருக்கும்" என்றாள். இருவரும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதோம்.

கடைசியாக ஒருமுறை அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குறை எனக்கு ஆறாது. ஆனால் அவர் முகத்தைப் பார்ப்பதற்காகக்கூடப் பொருந்தாத பேடைப் போட்டுக்கொண்டு ஓட என் மனம் ஒப்பவில்லை. என்னிடம் மிஞ்சியிருக்கிற தங்கமணி அக்கா அதுதான்.