நியூட்ரலில் நின்ற கம்பி

ஊர் திரும்பக் கப்பலேறவிருந்த பிரெஞ்சுத் துரை ஒருவரிடம் வாங்கிய பழைய மோட்டார் கார் அது. புதுச்சேரியில் எங்கள் வீட்டு முற்றத்திலேயே அதன் கியர் பெட்டியைப் பிரித்து, தேய்ந்த பல்சக்கரத்தை மாற்றி மூடினேன். கியர் கம்பி நியூட்ரலில்தான் நின்றது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க என் மனைவி தெரேஸ் உள்ளே உட்கார்ந்தாள்.

வண்டிக்கு முன்னால் குனிந்து, என்ஜினைக் கிளப்பும் ஹாண்டிலைச் சுற்றினேன். சுற்றக் கனமாக இருந்தது, பெட்டியில் ஊற்றிய புது எண்ணெயின் கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டேன். என்ஜின் உறுமியது. வண்டி பாய்ந்து என்னைக் கிணற்றுச் சுவரோடு நெருக்கியது. கத்த மூச்சில்லை.

"மாதாவே!" என்று அலறி, தெரேஸ் சுவிட்சை அணைத்தாள்.

பிறகு பெட்டியைப் பிரித்துப் பார்த்தால், மூடியபோது உள்ளே பல்சக்கரம் முதல் கியரிலேயே இருந்திருக்கிறது; கம்பியின் முனை அதில் மாட்டாமல் தனியே நியூட்ரலில் நின்றிருக்கிறது.

"கம்பிய பாத்தீங்களே, உள்ள பாத்தீங்களா?" என்று அழுதாள்.

இப்போதெல்லாம் பின்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தாமல் நான் ஹாண்டிலைத் தொடுவதில்லை. அப்படியும் தெரேஸ் சுவிட்சிலிருந்து கையை எடுப்பதில்லை.